எண்ணப்படாத வாக்குகள்

உழவன் ஆண்டெல்லாம் பாடுபட்டு விளைத்த நெல், களத்தில் அளக்கப்பெற்ற பின்னரே அவன் வீடு வந்து சேரும். அளக்கும் மரக்கால் குறைவுடையதாயின், விளைச்சல் எத்துணை மிகுந்திருப்பினும் அவனுக்குப் பயனில்லை. குடியாட்சியில் வாக்கும் அத்தகையதே. வாக்குச் சாவடிக்குச் சென்று வாக்களித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் கருதுவர். உண்மை அஃதன்று. அளித்த வாக்கு பெட்டிக்குள் செல்ல வேண்டும். பெட்டியிலுள்ளவை பிழையின்றி எண்ணப்பெற வேண்டும். எண்ணிய தொகை உள்ளவாறே அறிவிக்கப்பெற வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று தவறினும் ஏனைய இரண்டும் வீணாகும்.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தும் தேர்தல் ஒன்று 1888ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றது. வர்ஜீனியா மாநிலத்தின் நான்காம் தொகுதியில் நடந்த அத்தேர்தலில், வென்றவர் யார் என்பதை முடிவு செய்ய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தேர்தலின் தலைவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் என்னும் கறுப்பினப் பெருமகனார்.

பிறப்பும் கல்வியும்

லாங்ஸ்டன் 1829ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள் வர்ஜீனியாவின் லூயிசா வட்டாரத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ரால்பு குவார்ல்சு என்பவர் வெள்ளையர், பெருநிலக்கிழார். தாயார் லூசி லாங்ஸ்டன், கறுப்பர் குருதியும் அமெரிக்கப் பழங்குடியினர் குருதியும் கலந்த மரபினர். குவார்ல்சிடம் அடிமையாக இருந்து 1806இல் விடுதலை பெற்றவர். ஆதலின் லாங்ஸ்டன் பிறக்கும்போதே உரிமையுடைய மகவாகப் பிறந்தார். ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் விலங்குகளைப் போல விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்த நாட்டில், அவ்வுரிமை மெல்லிய நூலில் தொங்கும் உரிமையாகவே இருந்தது.

1834ஆம் ஆண்டில், அவருக்கு நான்கு வயது நிரம்பிய நிலையில், தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தந்தையார் தம் மக்களுக்குச் சொத்து எழுதி வைத்திருந்தார். சிறுவர் ஒகையோ மாநிலத்திற்குச் சென்று தந்தையாரின் நண்பர் வீட்டில் வளர்ந்தார். அம்மாநிலத்தில் ஓபர்லின் என்னும் ஊரிலிருந்த கல்லூரி, கறுப்பினத்தார்க்கும் கதவு திறந்த மிகச் சில கல்லூரிகளுள் ஒன்று. அங்கே பயின்ற லாங்ஸ்டன் 1849இல் இளங்கலைப் பட்டமும், பின்னர் 1852இல் இறையியற் கல்வியும் முடித்தார்.

அவர் உள்ளம் சட்டக் கல்வியை நாடிற்று. ஒரு சட்டப்பள்ளியின் தலைவர், கறுப்பர் என்ற காரணத்தால் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். எனினும் அவர் ஒரு வழியும் கூறினார். லாங்ஸ்டனின் நிறம் வெளுத்திருந்தமையால், அவர் தம்மைப் பிரெஞ்சுக்காரர் என்றோ ஸ்பெயின் நாட்டவர் என்றோ கூறிக்கொண்டால் இடமளிக்கலாம் என்பதே அவ்வழி. பிறப்பை மறைத்துப் பெறும் கல்வி தமக்கு வேண்டா என்று லாங்ஸ்டன் உறுதியாக மறுத்துவிட்டார். பின்னர் ஒகையோவிலேயே வழக்கறிஞர் ஒருவரிடம் தனியே சட்டம் பயின்று, 1854ஆம் ஆண்டில் வழக்கறிஞராகும் தகுதி பெற்றார். மறுவருடம் பிரவுன்ஹெல்ம் என்னும் சிற்றூர்ப் பகுதியின் எழுத்தராக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்க நாட்டில் வாக்கின் வழியாகப் பொதுப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவருள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார்.

பொதுத் தொண்டு

1861ஆம் ஆண்டில் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்குமிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போரில் வடவர் பக்கம் போரிடக் கறுப்பின வீரரைத் திரட்டும் பணியை லாங்ஸ்டன் மேற்கொண்டார். போர் முடிந்தபின், விடுதலை பெற்ற மக்களுக்கு அமைந்த பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலராக ஊர் ஊராகச் சென்றார். வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் சட்டத்துறையை அமைத்து, அதன் முதல் தலைவராக விளங்கினார். 1877 முதல் 1885 வரை ஹெயிட்டி நாட்டில் அமெரிக்க அரசின் தூதராகப் பணியாற்றினார். அப்பணியினின்று மீண்டபின், பிறந்த மாநிலமாகிய வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்கருகே கறுப்பின மாணவர்க்கென ஏற்பட்டிருந்த அரசினர் கல்லூரிக்கு 1885இல் தலைவரானார். மாநில ஆட்சி மாற்றுக் கட்சியார் கைக்குப் போனபின், 1887ஆம் ஆண்டின் இறுதியில் அப்பதவியை விட்டு விலகினார். கல்வியும் அனுபவமும் நிறைந்த அவரை அத்தொகுதியின் கறுப்பின மக்கள் தம் பிரதிநிதியாகக் காண விழைந்ததில் வியப்பில்லை.

அக்காலத்து நிலை

அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தம் 1865இல் நிறைவேறியது. நிறத்தைக் காரணங்காட்டி எவருடைய வாக்குரிமையையும் மறுத்தலாகாது என்னும் திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. ஏட்டில் எழுதிய உரிமை நாட்டில் வேரூன்றுவது எளிதன்று. 1877க்குப்பின் தென்மாநிலங்களில் பழைய ஆதிக்கம் மீண்டும் தலையெடுத்தது. கறுப்பின மக்கள் அந்நாளில் பெரும்பாலும் குடியரசுக் கட்சியை ஆதரித்தனர். அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் கட்சி அது. அவர்களை எதிர்த்து நின்றது சனநாயகக் கட்சி.

1884ஆம் ஆண்டில் வர்ஜீனியாச் சட்டசபை ஒரு புதிய தேர்தல் சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு வட்டாரத்திற்கும் மூவர் கொண்ட தேர்தல் வாரியத்தைச் சட்டசபையே நியமிக்கும். சாவடிகளில் அமர்ந்து வாக்கு வாங்குவோரையும் எண்ணுவோரையும் அவ்வாரியம் நியமிக்கும். சட்டசபையோ சனநாயகக் கட்சியார் கையில் இருந்தது. ஆகவே போட்டியிடும் இரு தரப்பாருள் ஒரு தரப்பாரே அளக்கும் மரக்காலைக் கையில் வைத்திருந்தனர் எனலாம்.

வாக்களிக்கும் முறையும் இக்காலத்து முறை போன்றதன்று. அரசு அச்சிட்ட பொதுச் சீட்டு அந்நாளில் வர்ஜீனியாவில் இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயரைப் பொறித்துத் தானே சீட்டு அச்சிட்டு வழங்கும். வாக்காளர் அச்சீட்டைக் கொண்டு சென்று சாவடி அலுவலரிடம் கொடுப்பார். அவர் அதனைப் பெட்டியில் இடுவார். சீட்டு கைமாறும்போது தவறு நிகழ்வதற்கும், பெட்டி திறக்கும்போது தவறு நிகழ்வதற்கும் இம்முறையில் வழி மிகுதி.

மும்முனைப் போட்டி

நான்காம் தொகுதியில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். அவர்கள் ஒன்றுபட்டு வாக்களித்தால் தம்மவர் ஒருவரைக் காங்கிரசுக்கு அனுப்புதல் அரிதன்று. ஆயினும் ஒற்றுமைக்குத் தடை சொந்தக் கட்சியிலிருந்தே எழுந்தது.

வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் வில்லியம் மாகோன். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராக இருந்து போரிட்டவர். பின்னர்க் கறுப்பின மக்களின் ஆதரவைப் பெற்று அரசியலில் உயர்ந்தவர். 1881 முதல் 1887 வரை செனட்டு சபை உறுப்பினராக இருந்தவர். லாங்ஸ்டன் தலைமை தாங்கிய கல்லூரி 1882இல் தோன்றியதும் அவர் இயக்கம் ஆட்சியிலிருந்த காலத்திலேயே. கறுப்பினத்தாரின் வாக்கை விரும்பிய மாகோன், கறுப்பினத்தவர் ஒருவர் தம் தொகுதியிலிருந்து காங்கிரசுக்குச் செல்வதை விரும்பினார் அல்லர். அர்னால்டு என்னும் வெள்ளையர் ஒருவரைக் கட்சி வேட்பாளராக நிறுத்தினார். அடிமை ஒழிப்புப் பேரியக்கத்தின் புகழ்பெற்ற தலைவராகிய பிரடெரிக் டக்ளசும், கட்சி பிளவுபடலாகாது என்னும் தரப்பில் நின்று, லாங்ஸ்டனுக்கு எதிராகக் கடிதம் எழுதினார்.

தன் இனத்துப் பெருந்தலைவரே மறுத்துரைத்தபோதும் லாங்ஸ்டன் பின்வாங்கவில்லை. தனித்து நின்று போட்டியிட்டார். சனநாயகக் கட்சியின் சார்பில் எட்வர்டு வெனபிள் என்பவர் நின்றார். இவ்வாறு போட்டி மும்முனைப் போட்டியாயிற்று. லாங்ஸ்டன் தொகுதி முழுவதும் சுற்றி மக்களைக் கண்டு பேசினார். தாம் தோற்கடிக்கப்படுவதாயின் அது வாக்கினால் அன்றி, வாக்கை எண்ணுவோரால் நிகழக்கூடும் என்பதை வழக்கறிஞராகிய அவர் முன்னரே உணர்ந்திருந்தார். ஆதலின் பல சாவடிகளிலும் தம் நண்பரை நிறுத்தித் தமக்கு வாக்களிப்போரின் கணக்கை எழுதிவைக்க ஏற்பாடு செய்தார். இம்முன்னறிவே பின்னர் அவருக்குத் துணையாயிற்று.

தேர்தல் நாள்

1888ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. வெள்ளையர்க்கு ஒரு வரிசை, கறுப்பர்க்கு ஒரு வரிசை எனச் சில சாவடிகளில் பிரித்து நிறுத்தினர். வெள்ளையர் வரிசை குறுகியது. கறுப்பர் வரிசையோ நெடியது. கறுப்பின வாக்காளர் சிலர் மூன்று மணி நேரம் வரையிலும் காத்து நின்றதாகப் பின்னர்ச் சான்று கூறினர். லாங்ஸ்டனுக்கு இட்ட சீட்டுகள் பெட்டியில் குறைந்து காணப்பட்டன என்றும் குற்றச்சாட்டு எழுந்தது.

அறிவிக்கப்பட்ட முடிவு இது: வெனபிள் 13,298 வாக்குகள், லாங்ஸ்டன் 12,657 வாக்குகள், அர்னால்டு 3,207 வாக்குகள். வெனபிள் 641 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார் என்று சான்றிதழ் வழங்கப்பட்டது.

இக்கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுகின்றது. லாங்ஸ்டனும் அர்னால்டும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 15,864 ஆகும். அது வெனபிள் பெற்றதினும் மிகப் பெரிது. ஒரு கட்சி இரண்டாகப் பிளந்தமையால் மாற்றாருக்கு வழி திறந்தது என்பது முதற் செய்தி. இருபத்தொன்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 641 என்பது மிகச் சிறிய வேறுபாடு. சில சாவடிகளின் கணக்கில் நேர்ந்த பிழையே முடிவை மாற்றப் போதும் என்பது இரண்டாவது செய்தி.

முறையீடு

அமெரிக்க அரசியற் சட்டத்தில் ஒரு விதி உண்டு. காங்கிரசின் இரு சபைகளுள் ஒவ்வொன்றும் தன் உறுப்பினரின் தேர்தல் முறையானதா அன்றா என்பதைத் தானே ஆராய்ந்து தீர்ப்பளிக்கலாம் என்பது அவ்விதி. ஆகவே தேர்தலில் தவறு நிகழ்ந்ததாகக் கருதுவோர் முறையிட வேண்டிய இடம் பிரதிநிதிகள் சபையே.

முறையிடும் வழியையும் சட்டம் வகுத்திருந்தது. முடிவு அறியப்பட்ட 30 நாள்களுக்குள் முறையீட்டாளர் எதிரிக்கு அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். எதிரி மேலும் 30 நாள்களுக்குள் மறுமொழி கூறுதல் வேண்டும். அதன்பின் 90 நாள்களில் சாட்சியம் வாங்கப்படும். அவற்றுள் முதல் 40 நாள்கள் முறையீட்டாளர்க்கும், அடுத்த 40 நாள்கள் எதிரிக்கும், எஞ்சிய 10 நாள்கள் மீண்டும் முறையீட்டாளர்க்கும் உரியன. வாங்கிய சாட்சியம் அனைத்தும் சபைக்கு அனுப்பப்பட்டு அச்சிடப்படும்.

இவ்வழி எழுத்தில் எளிது, நடப்பில் கடினம். சாட்சியத்தை அத்தொகுதியிலேயே திரட்ட வேண்டும். சான்று கூற வருவோர் ஏழை உழவரும் கூலியாளருமாவர். அவர்கள் யாருடைய நிலத்தில் உழுகின்றனரோ, யாருடைய தொழிலகத்தில் உழைக்கின்றனரோ, அவர்களுள் பலர் எதிர்க்கட்சியினர். அத்தகைய மக்கள் துணிந்து வந்து, தாம் வரிசையில் நின்ற நேரத்தையும், தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதையும் ஆணையிட்டுக் கூறினர். அவர்கள் துணிவை எண்ணிப் பார்த்தல் தகும். முறையீடு லாங்ஸ்டன் பெயரால் நடந்ததாயினும், அதன் உயிர் அம்மக்களின் வாய்மொழியிலேயே இருந்தது.

சபையில் எழுந்த போராட்டம்

வெனபிள் 1889ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் முதல் உறுப்பினராக எண்ணப்பெற்றார். அப்பிரதிநிதிகள் சபை 1889 டிசம்பரில் கூடிற்று. அதில் குடியரசுக் கட்சியார்க்கு மிகச் சிறிய பெரும்பான்மையே இருந்தது. மெயின் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் ரீடு சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சபை அலுவல் நடத்த வேண்டுமாயின் உறுப்பினருள் பெரும்பாலோர் அவையில் இருத்தல் வேண்டும். இதனைக் குறைவெண் என்பர். அந்நாளில் ஒரு விந்தையான வழக்கம் நிலவிற்று. பெயர் கூப்பிடும்போது வாய் திறவாதிருந்தவர், அவையிலேயே அமர்ந்திருந்தாலும், வாராதவராகவே கருதப்பட்டார். சிறுபான்மையோர் இவ்வழக்கத்தைக் கருவியாகக் கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தே சபையின் அலுவலை நிறுத்திவிடுவர்.

1890 ஜனவரி 29ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மற்றொரு தேர்தல் முறையீடு விவாதத்திற்கு வந்தபோது, ரீடு இவ்வழக்கத்திற்கு முடிவு கட்டினார். அவையில் இருந்தும் வாக்களியாதவர்களின் பெயர்களை வந்தவராகக் குறித்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். அவையில் பேரிரைச்சல் எழுந்தது. கென்டக்கி மாநிலத்து உறுப்பினர் ஒருவர், தம்மை வந்தவராக எண்ணச் சபாநாயகருக்கு உரிமையில்லை என்று முழங்கினார். அவர் இங்கே இருக்கிறார் என்னும் உண்மையையே தாம் கூறுவதாகவும், அதனை அவர் மறுக்கின்றாரா என்றும் ரீடு அமைதியாக வினவினார். இருந்துகொண்டே இல்லை என்று எவ்வாறு கூறுவது? இப்புதிய முறை அடுத்த திங்களில் சபையின் விதியாயிற்று. 1892இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இது சட்டத்திற்குப் பொருந்தியதே என்று கூறிற்று.

லாங்ஸ்டனின் முறையீட்டை ஆராய்ந்த தேர்தல் குழு, அவரே முறையாக வென்றவர் என்று 1890 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆயினும் சபை உடனே முடிவு செய்யவில்லை. திங்கள்கள் கழிந்தன. செப்டம்பரில் அறிக்கை விவாதத்திற்கு வந்தபோது எதிர்க்கட்சியார் வேறொரு வழியைக் கையாண்டனர். வாய் மூடி அமர்ந்திருப்பதில் பயனில்லை என்று கண்ட அவர்கள், அவையை விட்டே வெளியேறிக் குறைவெண் நிறையாதபடி செய்தனர். குடியரசுக் கட்சியார் தம்மவரைத் திரட்டிக்கொண்டு காத்திருந்தனர்.

1890 செப்டம்பர் 23ஆம் நாள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. லாங்ஸ்டனுக்கு இருக்கை அளிக்கலாம் என்று 151 பேரும், அளிக்கலாகாது என்று ஒருவரும் வாக்களித்தனர். வெனபிளின் பதவி அன்றே முடிந்தது. அறுபது வயது கடந்த லாங்ஸ்டன் உறுதிமொழி கூறி அவையில் அமர்ந்தார். வர்ஜீனியா மாநிலத்தினின்று காங்கிரசில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. மறுநாள், தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் மில்லர் என்னும் கறுப்பினத் தலைவரும் இவ்வாறே முறையீட்டில் வென்று சபையில் அமர்ந்தார்.

குறுகிய காலம்

ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். லாங்ஸ்டனுக்கு எஞ்சியிருந்தவையோ 1891 மார்ச்சு 3ஆம் நாள் வரை 162 நாள்களே. அவற்றுள்ளும் சபை அக்டோபர் 1ஆம் நாள் கலைந்தது. டிசம்பரிலேயே மீண்டும் கூடிற்று. இடையே நவம்பரில் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. ஓர் இருக்கைக்கான வழக்கில் வென்று ஆறு வாரம் ஆவதற்குள் அவ்விருக்கைக்கே மீண்டும் போட்டியிட வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. அத்தேர்தலில் சனநாயகக் கட்சியினரிடம் அவர் தோற்றார்.

எஞ்சிய சில திங்களையும் அவர் வீணாக்கவில்லை. 1891 ஜனவரியில் சபையில் ஆற்றிய உரையில், கறுப்பின மக்கள் இந்நாட்டின் முழுக் குடிமக்கள். அவர்களுடைய வாக்குரிமையைக் காப்பது அரசின் கடமை என்று வற்புறுத்தினார். கூட்டரசின் தேர்தல்களை மேற்பார்வையிடும் சட்ட முன்வரைவு ஒன்று 1890 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியிருந்தது. ஆயின் 1891 ஜனவரியில் செனட்டு சபை அதனை ஒதுக்கிவிட்டது. அதன்பின் நெடுங்காலம் அத்தகைய காவற்சட்டம் எதுவும் தோன்றவில்லை.

லாங்ஸ்டன் தம் வாழ்க்கை வரலாற்றைப் பெருநூலாக எழுதி 1894இல் வெளியிட்டார். 1897ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் வாஷிங்டன் நகரில் காலமானார். வர்ஜீனியா 1902இல் ஏற்படுத்திய புதிய அரசியல் அமைப்பு, வாக்களிக்க விரும்புவோர் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று ஆண்டு வரியை முன்னதாகவே செலுத்த வேண்டும் என்று விதித்தது. ஏழைகள் பலர், அவர்களுள்ளும் கறுப்பின மக்கள், வாக்குரிமை இழந்தனர். வரிசையில் மூன்று மணி நேரம் நிற்கும் வாய்ப்பும் அவர்க்கு இல்லாமற் போயிற்று.

1964ஆம் ஆண்டின் அரசியற் சட்டத் திருத்தம், கூட்டரசுத் தேர்தல்களில் வாக்களிக்க வரி கேட்பதை ஒழித்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. மாநிலத் தேர்தல்களுக்கு வர்ஜீனியா வாங்கிவந்த வரியும் செல்லாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாங்ஸ்டனுக்குப் பின்னர் வர்ஜீனியாவிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவர் காங்கிரசில் அமர்ந்தது 1993ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலம் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

தேர்தல் உணர்த்தும் உண்மை

இத்தேர்தல் முறையீட்டைப் பற்றி மாறுபட்ட கருத்துடையாரும் உளர். சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த கட்சி, தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளவே இத்தகைய முறையீடுகளுக்கு இடமளித்தது என்பர் அவர். அக்கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடுதல் இயலாது. தீர்ப்புக் கூறுவோர் கட்சியினராக இருக்குமிடத்துக் கட்சி நலமும் உடன் கலத்தல் இயல்பு. ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. தீர்ப்பளித்தோர் நோக்கம் யாதாயினும், நெடிய வரிசையில் நின்ற மக்கள் உண்மையாகவே நின்றனர். அவர்கள் ஆணையிட்டுக் கூறிய சான்று உண்மையாகவே அச்சில் ஏறிற்று. அதனை மறைக்க எந்தக் கட்சியாலும் இயலவில்லை.

இரண்டாண்டுப் பதவியில் 162 நாள்களுக்காக இத்துணை முயற்சியா என்று சிலர் வினவலாம். லாங்ஸ்டன் பெற்றது நாளளவில் சிறிது. அவர் விட்டுக்கொடுத்திருப்பின், நான்காம் தொகுதியின் மக்கள் வெனபிளையே விரும்பித் தேர்ந்தனர் என்று ஏடுகள் என்றென்றும் கூறிக்கொண்டிருக்கும். அவர் விடாது போராடியமையால் ஏடு திருத்தப்பட்டது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட எளிய மக்களின் சொல் பொய்யன்று என்று அவர்தம் நாட்டின் பேரவையே ஒப்புக்கொண்டது. பின்வந்த தலைமுறையினர் தம் உரிமையைக் கேட்டபோது, அஃது எங்கிருந்தோ வந்த புதிய விருப்பம் அன்று, தம் முன்னோர் ஒருகால் வென்று பின் இழந்த பொருள் என்று சொல்லக்கூடியவராயினர்.

லாங்ஸ்டனின் வாழ்க்கையில் ஒரு பண்பு தொடக்கம் முதல் இறுதி வரை மாறாது நின்றது. இளமையில், பெயரையும் பிறப்பையும் மறைத்துக்கொண்டால் கல்வி கிடைக்கும் என்றபோது மறுத்தார். முதுமையில், ஒதுங்கிக்கொண்டால் கட்சியின் நட்புக் கிடைக்கும் என்றபோதும் மறுத்தார். தமக்குரியதை நேர்வழியில் கேட்டார்; கிடைக்கும்வரை கேட்டார். கேட்பதற்கு வேண்டிய சான்றை முன்னரே கருத்துடன் தொகுத்து வைத்திருந்தார். உரிமையுணர்வோடு விழிப்பும் உடையவரே தம் உரிமையைக் காக்க வல்லவர் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

குடியாட்சி, தேர்தல் நாளன்று தொடங்கித் தேர்தல் நாளன்றே முடிவதன்று. வாக்காளர் பட்டியல் எழுதுவோர், சாவடியில் அமர்வோர், சீட்டை எண்ணுவோர், முடிவை அறிவிப்போர், முறையீட்டைக் கேட்போர் ஆகிய அனைவரும் நடுவுநிலை பிறழாதிருந்தாலன்றி அது நிலைபெறாது. அவர்கள் பிறழ்ந்தவிடத்து, அஞ்சாது எழுந்து கேட்கும் குடிமக்களும் வேண்டும். வர்ஜீனியாவின் வாக்குச் சாவடிகளில் பொறுமையுடன் நின்ற பெயரறியா மக்களும், அவர்களுக்காக இரண்டாண்டு போராடிய லாங்ஸ்டனும் உலகிற்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.